கழித்துவிட்டுப் பெருக்க வேண்டும்

நீலகிரியில் ஜெகதளாப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரிடம் இந்த மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பறித்த கிலோவை விலையால் பெருக்கி அவர் பதில் சொல்லமாட்டார். ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில் கழிவு போகும். பறிகூலி போகும். உரத்துக்கு வாங்கிய முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கவாத்து வருகிற ஆண்டென்றால் அதற்கும் இப்போதே கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும். இவ்வளவும் போக நிற்பதைத்தான் அவர் வருமானம் என்பார். பக்கத்து அருவங்காட்டில் நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்து நிற்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கும் இந்தக் கணக்கு வேறு வடிவத்தில் பழக்கம்தான். சம்பளச் சீட்டில் மொத்தம் ஒரு வரி, பிடித்தம் பல வரி, கைக்கு வருவது கடைசி வரி. கடைசி வரியைப் பார்த்துத்தான் வீட்டில் மளிகைப் பட்டியல் போடுவார்கள். ஆக, கழித்தல் இந்த மலைக்குப் புதிதல்ல. ஆனால் இதே வீட்டுப் பிள்ளைக்குச் சிங்கப்பூரிலிருந்து வேலைக் கடிதம் வந்த அன்று மட்டும் கழித்தல் மறந்துபோய்விடுகிறது. மாதம் 5,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வெள்ளி 65 ரூபாய் என்றால் 3,64,000 ரூபாய். அந்த எண் இரவுக்குள் ஊர் முழுக்கப் பரவியும் விடுகிறது.

அந்த எண் பொய்யல்ல, அவசரப்பட்டது. சம்பாதிப்பதையெல்லாம் அங்கே தொடாமல் அப்படியே ஊருக்கு அனுப்ப முடிந்தால்தான் 65-ஆல் பெருக்குவதற்கு அர்த்தம் உண்டு. அங்கே செலவாகும் ஒவ்வொரு வெள்ளியும் வெள்ளியாகவே பிறந்து வெள்ளியாகவே மறைகிறது. அதற்கும் ரூபாய்க்கும் உறவே இல்லை. இந்த வித்தியாசத்தைப் பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாக அளந்துவருகிறார்கள். வாங்கும் திறன் என்று அதற்குப் பெயர். நாணயச் சந்தை விலையை விட்டுவிட்டு, ஒரே விதமான பொருட்களும் சேவைகளும் இரு நாடுகளிலும் என்ன விலை என்று பார்ப்பது அந்த முறை. உலக வங்கி வெளியிடும் அந்தக் கணக்குகளின்படி சிங்கப்பூர் வெள்ளி ஒன்று அங்கே செய்கிற வேலையை இந்தியாவில் ஏறத்தாழ 25 ரூபாய் செய்துவிடும். அதாவது அங்கே 5,600 வெள்ளியில் நடக்கும் வாழ்க்கை இங்கே ஏறக்குறைய ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சம்பளத்தில் நடக்கும் வாழ்க்கைக்கு ஒப்பு. இது நாடு முழுவதற்குமான சராசரி. தனியொருவர் கணக்குக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 65-க்கும் 25-க்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தைக் காட்ட இது போதும். எனவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வெளிநாட்டு வேலைக்கான பட்ஜெட்டை வெள்ளியிலேயே போட வேண்டும், வெள்ளியிலேயே கழிக்க வேண்டும், மிச்சத்தை மட்டுமே ரூபாயால் பெருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. எதையெல்லாம் கழிப்பது என்பதில்தான் சிக்கல்.

சிங்கப்பூரை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியிலிருந்து படித்து இறங்குகிறவர்களுக்குக் கோவை, திருப்பூர், பெங்களூரு முதல் படி. அடுத்த படியாக வெளிநாடு என்றால், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருப்பதும் கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதுமான சிங்கப்பூர் பலர் மனதில் முதலில் வருகிறது. அது உலகின் மிகச் செலவான நகரங்களில் ஒன்று என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மெர்சர் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஹாங்காங்குக்கு அடுத்து இரண்டாம் இடம். எகனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவின் 2023 பட்டியலில் சூரிச்சுடன் சேர்ந்து முதலிடம். இந்தப் பட்டியல்களைப் படித்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பட்டியல் யாருக்காகப் போடப்படுகிறது என்று இரு தரப்பும் பார்ப்பதில்லை. மெர்சர் கணக்கு, பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் தங்கள் அதிகாரிகளுக்கு எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவெடுக்க உதவுவது. 200-க்கும் மேற்பட்ட பொருட்களின் விலையை நியூயார்க் விலையோடு ஒப்பிடுகிறார்கள். கார் வைத்திருந்து, மது அருந்தி, நல்ல குடியிருப்பில் வாழ்கிறவர் வாங்கும் கூடை அது. சிங்கப்பூரில் கார் வாங்கும் முன் ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் மட்டுமே சில ஏலங்களில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் மாதம் நூறு வெள்ளி சுற்றுவட்டத்தில் போய்வருகிறவருக்கு அந்த ஏலத்தோடு என்ன தொடர்பு? உணவங்காடியில் ஐந்து வெள்ளிக்கு வயிறு நிறையச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பட்டியல் மிகை.

ஆனால் அதே பட்டியல் வேறொரு பக்கத்தில் குறைத்தும் காட்டுகிறது. சிங்கப்பூர் ஒரு நகரமல்ல, இரண்டு நகரங்கள். உள்நாட்டுவாசிகளில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில், பெரும்பாலும் சொந்த வீட்டில், அரசின் மானியத்தோடு வாழ்கிறார்கள். மருத்துவத்தில் அவர்களுக்கு மானியமும் தேசியக் காப்பீடும் உண்டு. குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் பெயரளவுக்குத்தான். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் முதலாளியும் பங்கு போடுகிறார். வேலை அனுமதியில் போகிறவர் இதே தெருவில் நடந்தாலும் இந்த நகரத்துக்குள் நுழைவதில்லை. வீட்டுக்குச் சந்தை வாடகை, மருத்துவத்துக்கு மானியமில்லாக் கட்டணம், பிள்ளைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம், மத்திய சேம நிதியில் முதலாளியின் பங்கு எதுவுமில்லை. வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்கப் போனாலும், ஒவ்வொரு வட்டாரத்திலும் கட்டடத்திலும் மலேசியர் அல்லாத வெளிநாட்டினர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற வரம்பு குறுக்கே நிற்கும். ஆகவே அங்கேயே பிறந்து வளர்ந்த உறவுக்காரர் 'ரெண்டாயிரம் வெள்ளி இருந்தா தாராளமா ஓட்டிரலாம்' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. வேறொரு நகரத்தின் கணக்கைச் சொல்கிறார்.

கழித்துப் பார்ப்போம். 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கிடைக்கக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். அந்தச் சம்பளத்தில் தனியாளாகப் போகும் ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ வைத்துக்கொள்வோம். வீவக வீட்டில் ஓர் அறை 800 முதல் 1,200 வரை போகும். 1,100 என்று எழுதுவோம். சாப்பாடு சிக்கனமாக 600. பயணம் 120. தொலைபேசி, இணையம், மின்சாரப் பங்கு 80. உடை, மருந்து, முடிவெட்டு, நண்பர் வீட்டு விசேஷம் என்று 250. வருமான வரிக்கு 200. ஆண்டுக்கொரு முறை ஊர் வர மாதம் 100 ஒதுக்கு. கூட்டினால் 2,450. மிச்சம் 3,150 வெள்ளி. இப்போது பெருக்கலாம்: 2,04,750 ரூபாய். நல்ல பணம்தான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஊருக்குள் பரவியது 3,64,000. இடையில் உள்ள ஒன்றரை லட்சத்துச் சொச்சத்தை நம்பி யாராவது வீட்டுக் கடன் தவணை போட்டிருந்தால், அந்தத் தவணை மூன்றாம் மாதமே மூச்சு முட்டும்.

குடும்பத்தோடு போகிறவரின் கணக்கு இன்னும் கடுமை. மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ அழைத்துப்போக மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 6,500 என்று வைப்போம். பெருக்கிச் சொன்னால் 4,22,500 ரூபாய், ஊரே வாய்பிளக்கும் தொகை. சிறிய வீவக வீடு முழுதாக 2,800. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம் 250. மூவருக்குச் சாப்பாடும் வீட்டுச் சாமானும் 1,200. பயணம் 250. இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளிக்கு மாதம் 1,300 சுற்றி வரும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 200. வரிக்கு 230. மூவர் ஊர் வந்துபோக மாதம் 250 ஒதுக்கு. மொத்தம் 6,480. மிஞ்சுவது 20 வெள்ளி, ரூபாயில் 1,300. எண்களை அங்குமிங்கும் நகர்த்தலாம். பள்ளியை மாற்றலாம். இருநூறு முந்நூறு வெள்ளி கிடைக்கும். அடிப்படை மாறாது. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 2021 மே முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் போகிறவர் அங்கே வேலை பார்க்க வேண்டுமென்றால் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். குன்னூரிலோ கோவையிலோ ஆசிரியையாக மாதம் முப்பதாயிரம் வாங்கிக்கொண்டிருந்த மனைவியின் சம்பளம் அன்றோடு நிற்கிறது. அதையும் கழித்தால் இந்தக் குடும்பம் சிங்கப்பூர் போனதால் மாதா மாதம் ஏழையாகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'தனியாளுக்கு ரெண்டு லட்சம் மிஞ்சுதில்ல? இங்கே இருந்தா அதை யார் கொடுப்பா? பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாயைத் தாண்ட முடியாம எத்தனை மாசம் தவிச்சிருக்கோம். இவ்வளவு கூட்டிக்கழிச்சு யோசிச்சா யாரும் மலையை விட்டு இறங்கவே முடியாது.' இதன் முன்பாதியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வெளிநாடு போவதன் முழுப் பொருளாதாரமும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. மிச்சத்தின் மேல் 65 என்ற பெருக்கல் விழும்போது, அங்கே சாதாரணமான சேமிப்பு இங்கே ஒரு வீடாக, ஒரு தங்கையின் படிப்பாக மாறுகிறது. ஆனால் இதே காரணம்தான் கவனத்தையும் கேட்கிறது. அங்கே சேமிக்கும் ஒரு வெள்ளி 65 மடங்காகிறது என்றால், தெரியாமல் வீணாகும் ஒரு வெள்ளியும் 65 ரூபாய்தானே? வாடகையில் மாதம் 200 வெள்ளி ஏமாந்தால் ஆண்டுக்கு 1,56,000 ரூபாய் போயிற்று. தவிர, அந்த இரண்டு லட்சமும் முழுதாகக் கையில் நிற்பதல்ல. இந்தியாவில் வேலை பார்த்தால் சம்பளத்தில் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிக்குப் போகும், முதலாளியும் இணையாகப் போடுவார். அங்கே வெளிநாட்டவருக்கு அப்படி ஏதுமில்லை. முதுமைக்கான பங்கை மிச்சத்திலிருந்து தானே எடுத்துவைக்க வேண்டும். காலையில் தோட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளை போய்விட்டால் அந்த வேலைக்குக் கூலியாள் வேண்டும். அது இதுவரை யார் கணக்கிலும் ஏறாத செலவு.

மாதக் கணக்கை விடவும் முதல் இரண்டு மாதக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெங்களூரில் வீடு தேடிய எவருக்கும் பத்து மாத அட்வான்ஸ் என்ற சொல் கேட்டால் இன்றும் அடிவயிறு கலங்கும். சிங்கப்பூரில் அவ்வளவு இல்லை. வழக்கமாக ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை. ஆனால் அதை வெள்ளியில் கட்ட வேண்டும், அதுவும் முதல் வெள்ளியைச் சம்பாதிப்பதற்கு முன்னால். மேலே சொன்ன குடும்பம் ஈராண்டு ஒப்பந்தத்தில் நுழைந்தால் வைப்புத்தொகை 5,600, முதல் மாத வாடகை 2,800, தரகருக்கு ஒரு மாதம் என்றால் இன்னொரு 2,800, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை சுமார் 269. ஏறத்தாழ 11,470 வெள்ளி. ரூபாயில் 7,45,000-க்கு மேல். கட்டில், மெத்தை, பாத்திரம், வீடு கிடைக்கும்வரை தங்கிய விடுதி எல்லாம் இதற்கு மேல். அறை எடுத்துத் தங்கும் தனியாளுக்குக்கூட வைப்பு, முன்வாடகை, இரண்டு வார விடுதி, முதல் சம்பளம் வரைக்குமான சாப்பாடு என்று 4,000 வெள்ளி, அதாவது 2,60,000 ரூபாய் கையில் இருந்தாக வேண்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆக ஒரு மாதத்துக்கும் மேல் கைப்பணத்தில் ஓட வேண்டியிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத திருப்பம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு மாதமும் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. பின்னால் வெள்ளியை ரூபாயாக்கும்போது 65 நமக்கு நண்பன். இப்போது ரூபாயை வெள்ளியாக்குகிறோம். அதே 65 நம்மைத் தின்கிறது. குன்னூர்ச் சம்பளத்தில் இரண்டு ஆண்டு சேர்த்த பணம் அங்கே இரண்டு மாதம் தாங்காது. ஆகவே நகை அடகுக்குப் போகிறது, அல்லது தனிநபர்க் கடன். அந்த வட்டியையும் மாதக் கணக்கின் கழித்தலில் முதலாண்டு முழுக்க ஒரு வரியாக எழுத வேண்டும். ஓராண்டில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், கல்வி மருத்துவம் போன்றவை நீங்கலாக, மேற்பட்ட தொகையில் 20 விழுக்காட்டை வங்கி வரியாகப் பிடித்து வைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் தேவைப்படுகிற நாளில் கையில் இருக்காது.

'இடமாற்றச் செலவைக் கம்பெனியே ஏற்கிறதே, நமக்கென்ன?' இது அடுத்த மறுப்பு. ஏற்கிற நிறுவனங்கள் உண்டு. எப்படி ஏற்கிறது என்று ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். சில இடங்களில் முதலில் நீங்கள் செலவழித்து ரசீது கொடுத்தால் அடுத்த சம்பளத்தோடு தருவார்கள். கைப்பணச் சிக்கல் அப்படியே இருக்கும். பல ஒப்பந்தங்களில், ஓராண்டுக்குள் அல்லது ஈராண்டுக்குள் விலகினால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வாசகம் இருக்கும். அப்படியென்றால் அது கொடை அல்ல. மாதா மாதம் கொஞ்சமாகக் கரையும் கடன். நீலகிரிக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணிகள் வழிச்செலவை முன்பணமாகக் கொடுத்துத் தொழிலாளியின் பேரில் எழுதிவைத்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய 'துண்டு' என்ற சீட்டும் கூடவே போகும்; புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைத்துத்தான் ஆளை எடுக்கும். 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. இந்தியா-இலங்கை 1964 ஒப்பந்தப்படி அந்த மக்களின் வாரிசுகள் இந்தியா திரும்பியபோது அவர்களில் பலர் வந்து சேர்ந்தது இந்த மலைக்குத்தான். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976-இல் டான்டீ நிறுவனமானது. இன்றைய கணினிப் பொறியாளரை அன்றைய தோட்டத் தொழிலாளியோடு ஒப்பிடுவது மிகை என்பார்கள், ஆம், மிகைதான். இன்று கையில் கடவுச்சீட்டு இருக்கிறது, நாளைக்கே விமானம் ஏறலாம். ஆனால் இடம்பெயரும் செலவை யார் பேரில் எழுதுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அதேதான். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படிக்க அரை மணி நேரம் போதும்.

இன்னும் சிலர் வேறு உதாரணம் காட்டுவார்கள்: கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஆயிரம் வெள்ளிச் சம்பளத்திலும் ஊருக்குப் பணம் அனுப்பவில்லையா என்று. அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு; எங்கோ ஒரு விடுதியில் ஓர் அறையில் பலர். மருத்துவக் காப்பீடும் முதலாளி எடுத்தாக வேண்டும். வாடகை என்ற மலை அவர்கள் கணக்கில் இல்லை. அதற்குப் பதில் வேறொரு மலை இருக்கிறது, முகவர் பணம். சிங்கப்பூர் முகவர் ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஊரில் தரகர்கள் கேட்பது இந்த வரம்புகளுக்குள் நிற்பதில்லை என்பது எவருக்கும் தெரியும். அவர்கள் மிச்சம் பிடிப்பதை மற்றவர்கள் உதாரணமாகக் காட்டுவதற்கு முன், அந்த மிச்சத்தில் முதலாண்டு எவ்வளவு வட்டிக்குப் போனது என்றும் கேட்க வேண்டும்.

வெள்ளைச் சட்டை வேலைக்குப் போகிறவர்களை ஏமாற்றும் செலவு வேறு வகை; அது தாமதமாக வரும். சிங்கப்பூரில் பொதுவாக மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கமாட்டார்கள். இந்த ஆண்டு வருமானத்துக்கான வரி அடுத்த ஆண்டில்தான் கேட்கப்படும். 5,600 வெள்ளிக்காரருக்கு முழு ஆண்டென்றால் சுமார் 2,400 வெள்ளி. விகிதத்தில் பார்த்தால் மிகக் குறைவான வரி, இந்தியச் சம்பளக்காரர் பொறாமைப்படலாம். ஆனால் பிடித்தம் பார்த்தே பழகிய கண்களுக்கு, வரி பிடிக்காத சம்பளம் முழுவதும் தன்னுடையது போலத் தெரியும். மறு ஆண்டு ஓலை வரும்போது பணம் வீட்டுக் கூரையாகியிருக்கும். தவணையில் கட்ட வசதி உண்டு. அப்படிக் கட்டத் தொடங்கினால் போன ஆண்டு வரி இந்த ஆண்டுச் சம்பளத்தைத் துரத்திக்கொண்டே வரும். காப்பீடும் இப்படித்தான். எஸ் பாஸ்காரர்களுக்கும், கட்டுமானத் தொழிலாளர்கள் போன்ற ஒர்க் பர்மிட்காரர்களுக்கும் கட்டாயம். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு முதலாளி எடுத்துத்தர வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெரிய பதவி, பெரிய சம்பளம், ஆனால் காப்பீடு உண்டா என்று கடிதத்தில் தேடிப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

புறப்படும் தேதிக்கும் விலை உண்டு. இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர் அந்த ஆண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரிச் சட்டப்படி அந்த ஆண்டுக்கு வெளிநாடுவாழ் இந்தியர். அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. செப்டம்பர் மூன்றாம் வாரம் கிளம்புகிறவர் அந்தப் பக்கம். ஆயுதபூஜை முடித்துவிட்டு அக்டோபரில் கிளம்புகிறவர் இந்தப் பக்கம், அந்த நிதியாண்டில் சிங்கப்பூரில் வாங்கும் சம்பளமும் இந்தியக் கணக்கில் ஏறும். இரு நாடுகளுக்கும் 1994 முதல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வரி குறைவு, இங்கே அதிகம். வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். வேலையில் சேரும் தேதியை இரண்டு வாரம் முன்னுக்கு நகர்த்தக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

ஊர்ப் பக்கத்துக் கழித்தலைத் தனியே பேச வேண்டும், அதை யாரும் எழுதிவைப்பதில்லை என்பதால். பெற்றோரின் மாதச் செலவு, ஏலச்சீட்டுத் தவணை, தோட்டத்துக்கு உரம் இவை எழுதத் தெரிந்தவை. ஹெத்தை ஹப்பாவுக்கு வருவது எழுதத் தோன்றாதது. படகர்களின் இந்தப் பண்டிகை டிசம்பர், ஜனவரியில் வருகிறது. சிங்கப்பூரில் பள்ளி ஆண்டிறுதி விடுமுறை அப்போதுதான், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாம் அதைச் சுற்றித்தான். கோவை விமானத்தின் டிக்கெட் ஆண்டிலேயே உச்சத்தில் நிற்கும் நேரம் அது. மாதம் நூறு வெள்ளி ஒதுக்கியவருக்கு டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். பெட்டியில் கொண்டுவருவது, ஊர் வரி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மொய், வந்தபின் வரும் கடன் கேட்புகள் இவற்றுக்கு வேறு பணம் வேண்டும். இதையெல்லாம் பட்ஜெட்டில் எழுதுவது கஞ்சத்தனம், உறவுக்கு விலை போடுவது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எழுதாத செலவுதான் உறவைக் கெடுக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவு ஊருக்கு என்று முன்பே ஒதுக்கியவர் மனமுவந்து கொடுப்பார். 3,64,000 என்ற எண்ணை ஊருக்குள் விட்டவர், கேட்பவர் ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்லி அறிமுகமில்லாதவராகிப் போவார். பணம் அனுப்பும் கூலி மட்டும் காலப்போக்கில் குறைந்துவருகிறது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் இரண்டையும் இணைத்தபின் சிறு தொகைகளைக் கைபேசியிலேயே அனுப்ப முடிகிறது. ஆனால் அனுப்புவது எளிதானால் கேட்பதும் எளிதாகும்.

இவ்வளவு கழித்தல் எதற்கு என்றால், போகாமல் இருப்பதற்காக அல்ல. பேரம் பேசுவதற்காக. 'சம்பளம் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா' என்று கேட்கிறவருக்கும், 'ஈராண்டு வாடகை ஒப்பந்தத்துக்கு முதல் நாளே 11,470 வெள்ளி வேண்டும், அதில் வைப்புத்தொகையை நிறுவனம் முன்பணமாகத் தருமா, குடும்பக் காப்பீடு உண்டா' என்று கேட்கிறவருக்கும் வேறு வேறு பதில் கிடைக்கும். சந்தையும் மாறிக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரின் தனியார் குடியிருப்பு வாடகைக் குறியீடு 2022 ஒரே ஆண்டில் 29.7 விழுக்காடு ஏறியது, 2023-இல் மேலும் 8.7 ஏறி 2024-இல் சற்று இறங்கியது. பொருள் சேவை வரி 2022 வரை 7 விழுக்காடாக இருந்து 2024-இல் 9 ஆகியிருக்கிறது. இந்த ஏற்றங்களுக்கு முன் போன சீனியர் சொன்ன வாடகையை வைத்து இன்றைய சம்பளத்துக்குத் தலையாட்டினால், அந்த இடைவெளியைப் போகிறவர்தான் நிரப்ப வேண்டும்.

திரும்பி வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேலை போனால் அனுமதி ரத்தாகும். பொதுவாக 30 நாள் தங்க விடுவார்கள், அதற்குள் வேறு வேலை அல்லது விமானம். வெளிநாட்டவர் வேலையை விட்டு நாட்டை விட்டுப் போகும்போது, உள்நாட்டு வருவாய் ஆணையம் வரிக் கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை அவருக்குத் தர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிச் சம்பளம் கடைசி மாதத்தில் கைக்கு வராது. வீட்டு ஒப்பந்தத்தில் இடையில் விலகும் வாசகம் இருந்தாலும் அது பெரும்பாலும் முதலாண்டு முடிந்த பின்தான் செல்லும், இரண்டு மாத முன்னறிவிப்போடு; வைப்புத்தொகை திரும்புவது அதற்குப் பின்னால். வந்த முதல் மாதத்தைப் போலவே போகும் மாதத்திலும் ஆள் சொந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும். அந்த மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கோவை டிக்கெட்டுக்கும் ஆகும் வெள்ளியை, ஊருக்கு முதல் ரூபாய் அனுப்புவதற்கு முன்பே அங்கேயே ஒரு வங்கிக் கணக்கில் போட்டுத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.